இட்லிக் கணக்கு நோட்டில் ஓங்கில்: மும்பைக் கரையில் ஒரு படகுத்துறைப் பணியின் நிகழ்வு ஆய்வு

மும்பையின் மேற்குக் கரையில் 2022 அக்டோபர் முதல் 2023 மே வரை ஒரு பயணிகள் படகுத்துறை கட்டப்பட்டது. அந்தக் கரையோரம் வந்துபோகும் ஓங்கில்களுக்காக நாங்கள் என்ன செய்தோம், எதைச் செய்யாமல் விட்டோம் என்பதன் பதிவு இது. இடத்தின் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் எழுதவில்லை. அங்கே வேலை பார்த்தவர்கள் பலர் இன்னும் அதே முதலாளியிடம்தான் இருக்கிறார்கள். அந்தப் பணியில் சுற்றுச்சூழல் கண்காணிப்பு என் பொறுப்பு. அதனால் இதில் வரும் பிழைகளில் என்னுடையவையும் உண்டு.

டால்பின் என்று எல்லோரும் சொல்வதை இந்தப் பதிவில் ஓங்கில் என்றே எழுதுகிறேன். இந்த விஷயத்தை எனக்கு முதலில் காட்டியவர் சொன்ன சொல் அது.

பின்னணி

துறை பெரியதல்ல. கரையிலிருந்து சுமார் 200 மீட்டர் கடலுக்குள் நீளும் நடைபாதை, அதன் முனையில் படகு அணையும் மேடை, இவற்றைத் தாங்கக் கடலடியில் ஊன்றும் தூண்கள், அதாவது பைல்கள், மொத்தம் 64. முதலில் ஒரு இரும்புக் குழாயைச் சேற்றுக்குள் இறக்குவார்கள். சைட்டில் அதற்கு லைனர் என்று பெயர். அது பாறையைத் தொட்டதும் சுத்தியல் இயந்திரத்தால் அடித்து உட்கார வைப்பார்கள். அப்புறம் உள்ளே துளைபோட்டு, கம்பிக்கூட்டை இறக்கி, கான்கிரீட் ஊற்றுவார்கள். மும்பையின் அடிப்பாறை கருங்கல்லாய் இறுகிய எரிமலைப் பாறை. லைனரின் கடைசி அரை மீட்டரை உட்கார வைக்கும்போதுதான் அதிகச் சத்தம்.

நகரம் முழுக்கக் கடலில் வேலை நடந்துகொண்டிருந்த காலம் அது. மரைன் டிரைவிலிருந்து வொர்லி வரையிலான 10.58 கி.மீ. கரையோரச் சாலைக்காக 100 ஹெக்டேருக்கு மேல் கடல் நிரப்பப்பட்டது. அதன் அனுமதியை 2019 ஜூலையில் பம்பாய் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்து, வேலை தொடர வழிவிட்டது. கிழக்குப் பக்கம் சிவ்ரியிலிருந்து நாவா ஷேவாவுக்கு 21.8 கி.மீ. பாலம் எழுந்துகொண்டிருந்தது. இவை பற்றியெல்லாம் வழக்கு நடந்தது, பத்திரிகையில் செய்தி வந்தது, கூட்டங்களில் விவாதம் நடந்தது. எங்களுடையது போன்ற சிறு துறைக்கு அந்தக் கவனம் கிடைப்பதில்லை. ஒன்றுக்கு அடுத்து ஒன்றாக இப்படிப் பல துறைகள் வரும்போது அவற்றைக் கூட்டிப் பார்க்கவும் யாரும் இல்லை.

இந்தக் கரையில் வருவது கூன்முதுகு ஓங்கில். முதுகுத் துடுப்புக்கு அடியில் ஒரு மேடு இருக்கும், அதனால் அந்தப் பெயர். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலி இருக்கும் அதே அட்டவணையில், இதுவும் இருக்கிறது. உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் அழியும் அபாயத்தில் உள்ள இனம். ஒரு பிரசவத்துக்கு ஒரு குட்டி. அடுத்த குட்டிக்குச் சுமார் மூன்று வருடம் ஆகும். பெரும்பாலும் 25 மீட்டருக்குக் குறைந்த ஆழத்திலேயே வாழும் பிராணி இது. முகத்துவாரம், கழி, பாறைக்கரை ஆகியவைதான் அதன் வீடு. நாம் துறைமுகமும் சாலையும் மேடையும் கட்ட விரும்பும் அதே ஒல்லியான பட்டையில்தான் அதன் வாழ்க்கை முழுவதும். 'தொந்தரவாக இருந்தால் ஆழ்கடலுக்குப் போய்விடும்' என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். ஆழ்கடல் இதற்கு அந்நிய நாடு.

அறிக்கையில் இருந்த ஒரு வரி

அனுமதிக்காகத் தயாரிக்கப்பட்ட சுற்றுச்சூழல் அறிக்கையில் ஒரு வரி: 'ஆய்வின்போது கடல் பாலூட்டிகள் எதுவும் தென்படவில்லை.'

இது பொய் இல்லை. இரண்டு நாள் படகில் போனார்கள். நோக்கம் தண்ணீர் மாதிரி எடுப்பதும் அடிச்சேற்றில் என்ன உயிர்கள் இருக்கின்றன என்று பார்ப்பதும். இரண்டு நாளும் காலை 11 மணிக்குப் பிறகு கிளம்பியிருக்கிறார்கள். அந்த நேரத்தில் மேல்காற்று பிடித்து, அலை நுனிகள் வெளுத்து, கடல் கண்ணைக் கூசும். அலைக்கு நடுவே அரை நொடி தெரிந்து மறையும் முதுகைப் பார்க்க அது நேரமல்ல. விரைவு ஆய்வு என்றால் மழைக்காலம் நீங்கலாக ஒரு பருவத் தரவு போதும் என்பதுதான் நடைமுறை. அந்த நடைமுறையை யாரும் மீறவில்லை.

ஆனால் 'தென்படவில்லை' என்ற சொல் மேலே போகப் போக 'இல்லை' என்று ஆகிவிட்டது. சுருக்கத்தில் 'பாலூட்டிகள் இல்லை', ஒப்பந்தத்தில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. நான் பணியில் சேர்ந்தபோது அந்த அறிக்கையைப் படித்துக் கையெழுத்திட்டேன். 2020 ஊரடங்கில் மலபார் ஹில் ஓரம் ஓங்கில்கள் துள்ளிய படங்களைப் பார்த்து வியந்தவர்களில் நானும் ஒருத்தி. இருந்தும் அந்த வரியைக் கேள்வி கேட்கத் தோன்றவில்லை.

நோட்டு

பைல் வேலை 2022 நவம்பர் முதல் வாரம் தொடங்கியது. மூன்று வாரம் கழித்து ஒரு காலை, கடற்கரைச் சுவரோரம் சைக்கிளில் இட்லி விற்கும் அண்ணாச்சியிடம் நின்றிருந்தேன். தாராவியிலிருந்து விடியுமுன் கிளம்பி, பின்சீட்டில் அலுமினியப் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு, ரப்பர் ஹாரனை அமுக்கிக்கொண்டே வருவார். நாற்பது வருட மும்பை வாழ்க்கை. பிறந்தது தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடலோர ஊர். வியாபாரம் எப்படி என்று சும்மா கேட்டேன்.

"எங்கம்மா யாவாரம்? நீங்க அந்தக் குழாய அடிக்க ஆரம்பிச்சதுல இருந்து ஓங்கிலு வரல. ஓங்கிலு வந்தா கூட்டம் நிக்கும்லா? நின்னா இட்லி போவும்."

எனக்கு முதலில் புரியவில்லை. அவர் சட்டைப்பையிலிருந்து நீளவாட்டு நோட்டு ஒன்றை எடுத்தார். எண்ணெய்க் கறை படிந்து, ஓரம் மடங்கிய நோட்டு. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி: தேதி, எடுத்துவந்த இட்லி, மீந்த இட்லி, கைக்கு வந்த காசு. சில வரிகளின் இடது ஓரத்தில் தூண்டில் முள் போல வளைந்த சிறு கோடு, பக்கத்தில் மணி. அது ஓங்கில். காலை நடை போகிறவர்கள் ஓங்கிலைப் பார்க்கச் சுவரோரம் நின்றால் இருபது முப்பது இட்லி கூடுதலாகப் போகும். மறுநாள் எத்தனை போடலாம் என்று யோசிக்க அந்தக் குறி. வேறு காரணம் எதுவுமில்லை.

முந்தைய பருவத்துப் பக்கங்களைப் புரட்டினேன். 2021 நவம்பர் முதல் 2022 மே வரை அவர் வியாபாரத்துக்கு வந்த நாள் 151. குறி இருந்தது 41 நாளில். முந்தைய வருடம் இதே மூன்று வாரத்தில் 6 குறி. இந்த வருடம் 17 நாள் வந்திருக்கிறார், ஒரு குறியும் இல்லை.

ஊரடங்கில் வந்த படங்களைப் பற்றிச் சொன்னேன். "அது எப்பவும் வருது. அப்பதான் நீங்க பாத்திய" என்றார்.

அன்று சாயங்காலம் நோட்டின் எல்லாப் பக்கங்களையும் கைபேசியில் படமெடுத்து, அட்டவணையாக்கி, ஓதப் பட்டியலோடு, அதாவது கடல்நீர் ஏறி வற்றும் நேரப் பட்டியலோடு, ஒப்பிட்டேன். குறிகளில் பெரும்பாலானவை தண்ணீர் ஏற்றத்தில் இருந்த காலைகளில் விழுந்திருந்தன. ஏற்றத்தோடு மீன் கரைக்கு வரும், மீனோடு இவையும் வரும் என்பது மீனவர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

சத்தம் ஏன் முக்கியம்

இந்த இடத்தில் தண்ணீருக்கு அடியில் நடப்பதைச் சொல்லியாக வேண்டும். கரையில் நிற்பவருக்குப் பைல் அடிப்பது 'டங், டங்' என்று தூரத்தில் கேட்கும், அவ்வளவுதான். தண்ணீருக்குள் ஒலி நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் போகும், காற்றில் போவதைவிட நான்கு மடங்குக்கு மேல். போகும் வழியில் காற்றைப் போலச் சீக்கிரம் தேய்வதும் இல்லை.

மும்பைக் கரைத் தண்ணீர் சேறு கலங்கியது. கையை முழங்கை வரை விட்டால் விரல் தெரியாது. அதில் ஓங்கில் மீனைப் பிடிப்பது கண்ணால் அல்ல. சின்னச் சின்னச் சொடுக்கு ஒலிகளை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைக் கேட்டு இரையையும் பாறையையும் வலையையும் அறிகிறது. தாயும் குட்டியும் ஒன்றையொன்று விடாமல் இருப்பதும் ஒலியால்தான். சுத்தியல் அடிக்கும் நேரத்தில் அந்த இடம் அதற்கு இருட்டு. மிக அருகில் இருந்தால் செவியே பழுதாகலாம். தள்ளி இருந்தால் இரை தேடும் இடத்தை விட்டு ஓடும். கரையோரப் பட்டை ஏற்கெனவே ஒல்லி, ஓடுவதற்கு அடுத்த இடம் எங்கே?

கரையோரச் சாலைக்காக 2020-இல் ஹாஜி அலி, வொர்லிப் பாறைகளிலிருந்து பவளங்களைப் பெயர்த்து வேறு இடத்தில் வைத்தார்கள். அதன் பலன் பற்றி இரண்டு கருத்து இருக்கலாம். ஆனால் பவளத்தைக் கையால் எடுத்து வைக்க முடியும், ஓங்கிலுக்கு அந்த வழி இல்லை. நாம்தான் நம் வேலையை நகர்த்த வேண்டும்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

டிசம்பர் முதல் வாரம் திட்ட மேலாளரிடம் நோட்டைக் கொண்டுபோனேன். அவரது முதல் கேள்வி நியாயமானது: இட்லிக் கணக்கை எப்படி அறிக்கையில் சேர்ப்பது? நான் சொன்ன பதில்: இதைவிட நல்ல தரவு நம்மிடம் இருந்தால் இதை விட்டுவிடலாம். நம்மிடம் இருப்பது இரண்டு நாள், இவரிடம் இருப்பது 151 நாள். யாரையும் நம்பவைக்க எழுதியதும் இல்லை.

வேறு எங்கே இதைச் செய்திருக்கிறார்கள் என்பது அவரது இரண்டாவது கேள்வி. பிரிட்டனின் வழிகாட்டுதலைக் காட்டினேன்: பைல் அடிக்குமுன் குறைந்தது 30 நிமிடம் கவனிப்பு, பைலைச் சுற்றிக் குறைந்தது 500 மீட்டர் ஆரம். ஹாங்காங்கையும் காட்டினேன். அங்கே இதன் நெருங்கிய சொந்தமான வெள்ளை ஓங்கில், விமான நிலைய விரிவாக்கம், விரைவுப் படகுகள், 2018-இல் திறந்த கடல் பாலம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்த நீர்ப்பரப்பில் குறைந்துகொண்டே போனது. பாலத்துக்காக நிரப்பிய கடலுக்கு ஈடாக 2016-இல் ஒரு கடல் பூங்கா அறிவித்தார்கள். பூங்கா என்று பெயர் வைத்த பிறகும் அந்தப் பகுதிக்கு அவை பழையபடி திரும்பவில்லை. முதலில் விரட்டிவிட்டு அப்புறம் இடம் ஒதுக்குவது பலிக்காது என்பதற்கு அதுதான் என் சான்று.

கடைசியில் அவரை ஒத்துக்கொள்ள வைத்தது நோட்டில் இருந்த நேரம். குறிகள் எல்லாம் காலை 6.30-க்கும் 9-க்கும் நடுவே. எங்கள் ஷிப்ட் 7 மணிக்கு. கம்பிக்கூடு கட்டுவது, லைனருக்குள் துளைபோடுவது, கான்கிரீட் ஆகிய சத்தம் குறைந்த வேலைகளைக் காலைக்கு மாற்றி, சுத்தியலை 10.30-க்கு மேல் வைத்தால் ஒரு ஷிப்டும் வீணாகாது. வேலையை நிறுத்து என்று போயிருந்தால் அந்தக் கூட்டம் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். வரிசையை மாற்று என்றதால் பேச்சு நீண்டது.

அப்படி முடிவானவை: 10.30-க்கு முன் சுத்தியல் இல்லை. ஒவ்வொரு முறையும் அடிக்குமுன் 30 நிமிடக் கவனிப்பு, 500 மீட்டருக்குள் ஓங்கில் தெரிந்தால் தொடங்குவதில்லை. முதல் சில அடிகள் தாழ்ந்த உயரத்திலிருந்து, மெதுவாக, அருகில் ஏதாவது இருந்தால் விலகிப் போக அவகாசம் கிடைக்க. வேலைப் படகுகள் ஒரே தடத்தில், 8 நாட் (மணிக்குச் சுமார் 15 கி.மீ.) வேகத்துக்குள்.

நான் கேட்டுக் கிடைக்காதது குமிழித் திரை. பைலைச் சுற்றிக் கடலடியில் துளையிட்ட குழாய் போட்டுக் காற்றைச் செலுத்தினால், மேலேறும் குமிழிகள் ஒலியைக் கொஞ்சம் தடுக்கும். மும்பையின் ஓத ஏற்றத்தாழ்வு பெரியது, நீரோட்டம் குமிழிகளை அடித்துப் போய்விடும் என்றார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் நீரோட்டம் அடங்கும் நேரம் பார்த்து ஒரு பைலில் சோதித்துப் பார்த்திருக்கலாம். நான் விட்டுக்கொடுத்திருக்கக் கூடாது.

ஜனவரியில் ஒரு நாள்

கவனிப்பாளர்களாக இருவரைப் பழக்கினோம். இருவரும் பார்ஜில், அதாவது கிரேன் நிற்கும் தட்டைப் படகில், உதவியாளர்கள், ராமநாதபுரத்துப் பையன்கள். தூரத்தை மதிப்பிட 500 மீட்டரில் இரண்டு ஆரஞ்சு மிதவை போட்டோம். பெரும்பாலான நாள்களில் எதுவும் தெரியாது, 30 நிமிடம் கழித்துக் கை காட்டுவார்கள், வேலை நடக்கும்.

ஜனவரி இரண்டாம் வாரம், 23-வது பைல். 11 மணி 10 நிமிடம். அடி தொடங்க இரண்டு நிமிடம் இருக்கும்போது பையன்களில் ஒருவன் இரண்டு கையையும் தூக்கினான். மிதவைக்கு உள்ளே, சுமார் 350 மீட்டரில், நான்கு முதுகுகள். ஒன்று சின்னது. பெரியவை முதுகை மட்டும் வளைத்து நழுவும். குட்டிக்கு அந்தப் பழக்கம் இன்னும் வரவில்லை. மூச்செடுக்க வரும்போது மூக்கும் தலையும் முழுக்க வெளியே வந்து, தொப்பென்று விழும். வெளிர்ச் சாம்பல் நிறம். தாயின் விலாவை விட்டு ஒரு முழம்கூட விலகவில்லை. இஞ்சினை அடக்கியதும் அவை மூச்சு விடும் ஓசையே கேட்டது.

தண்ணீர் வற்றத் தொடங்கியிருந்தது. 2 மணிக்குள் பார்ஜை நகர்த்தாவிட்டால் சேற்றில் உட்கார்ந்துவிடும். மேலாளர் வாக்கிடாக்கியில் இரண்டு முறை கேட்டார். கிரேன் ஓட்டுநர் லீவரிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மூன்றாவது முறை அவரே எடுத்துப் பேசினார்: "குட்டியோட நிக்கிது சார். போகட்டும்."

12.25-க்கு அவை வடக்கே நகர்ந்தன. அப்புறம் மறுபடி 30 நிமிடம் பார்க்க வேண்டும். அதற்குள் தண்ணீர் போதவில்லை. அந்தப் பைல் மறுநாளுக்குத் தள்ளிப்போனது. மேலாளர் சத்தம் போடவில்லை. ஆனால் அன்று இரவு ஒரு கேள்வி அனுப்பினார்: இந்தக் காத்திருப்புக்கான வாடகை யார் கணக்கில்? ஒப்பந்தத்தில் அதற்குப் பதில் இல்லை. கடைசியில் 'ஓதம் காரணமாகத் தாமதம்' என்று பதிவு செய்தார்கள். நானும் பேசாமல் இருந்தேன். அந்த நாளின் உண்மையான காரணம் அலுவலகத் தாளில் இல்லை என்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

மீனவர்கள் கேட்ட கேள்வி

இந்த ஏற்பாடுகள் எல்லாம் நடந்து ஒன்றரை மாதம் கழித்துத்தான் பக்கத்துக் கோலிவாடாவுக்கு, மீனவர் குடியிருப்புக்கு, போனேன். முதல் வாரமே போயிருக்க வேண்டும்.

அங்கே ஒரு மூத்த நாக்வா, படகுத் தலைவர், நாங்கள் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு மராத்தியில் அவர் சொன்னதன் சாரம் இது: 'எங்கள் வலை விரிக்கும் இடத்தில் உங்கள் பைல் வருகிறது என்று ஒரு வருடம் முன்பே எழுதிக் கொடுத்தோம். பதில் இல்லை. இப்போது மீனுக்காகச் சுத்தியலை நிறுத்துகிறீர்கள். எங்களுக்காக ஒரு மணி நேரம் நிறுத்தியதுண்டா?' அவர் ஓங்கிலை மீன் என்றது சொல்லளவில்தான். அது எங்கே எப்போது வரும் என்று எங்களைவிட அவருக்குத் தெரியும்.

அவர் கோபத்துக்குப் பின்னணி உண்டு. அப்போதுதான், 2022 டிசம்பரில், வொர்லி மீனவர்களின் பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு, கரையோரச் சாலைப் பாலத்தின் தூண்களுக்கு நடுவே விடும் இடைவெளியை 60 மீட்டரிலிருந்து 120 மீட்டராக்க அரசு ஒப்புக்கொண்டிருந்தது. அவர்கள் கேட்டது அதைவிட அதிகம். அலையில் படகு தூணில் மோதாமல் உள்ளே வர வேண்டும் என்பதற்காக மனு, மறியல், பேச்சு என்று எத்தனை நாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்தவரிடம் நான் போய், ஓங்கிலுக்காக வலையைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள் என்றால் எப்படி இருக்கும்?

நான் அதைக் கேட்கவில்லை. கேட்கப் போனவள், கேட்காமல் வந்தேன். பதிலுக்கு அவர்களின் வலை நேரத்தை எழுதிக்கொண்டு வந்து, அந்த நேரத்தில் வேலைப் படகுகள் அந்தப் பக்கம் போகாமல் தடத்தை மாற்ற ஏற்பாடு செய்தேன். இரண்டு வாரம் கழித்து அவரே ஆள் அனுப்பி, துறைக்கு வடக்கே பாறைகளுக்கு நடுவே இருக்கும் ஒரு பள்ளத்தைக் காட்டினார். குட்டியுள்ள ஓங்கில்கள் வற்றத்தின்போது அங்கேதான் நிற்குமாம். எங்கள் வரைபடத்தில் அந்தப் பள்ளம், கான்கிரீட் கழிவை ஏற்றும் படகு நங்கூரம் போடும் இடம். மறுநாள் நங்கூரத்தை மாற்றினோம். அந்தப் பருவத்தில் எடுத்த முடிவுகளிலேயே செலவில்லாததும் பயனுள்ளதும் அதுதான் என்று நினைக்கிறேன். இரண்டரை மாதம் தாமதமாக வந்தது.

கரை ஒதுங்கிய குட்டி

மார்ச் நடுவில், துறையிலிருந்து ஒன்றரை கி.மீ. தெற்கே ஒரு ஓங்கில் குட்டியின் சடலம் பாறையில் ஒதுங்கியது. ஒரு மீட்டருக்குச் சற்று அதிகம், பாதி அழுகியிருந்தது. நாங்கள் போவதற்குள் படம் பரவிவிட்டது, 'பைல் அடித்துக் கொன்றார்கள்' என்ற வாசகத்தோடு. வனத்துறைக்குத் தகவல் சொன்னோம், சதுப்புநிலக் காடுகள் பிரிவிலிருந்து ஆள் வந்து அளந்து பதிவு செய்தார்கள். வால் தொடங்கும் இடத்தில் மெல்லிய நைலான் நூல் அறுத்த கோடு சுற்றிலும் தெளிவாக இருந்தது. உள்ளுறுப்புகள் சொல்லும் நிலையில் இல்லை.

வலையில் சிக்கி, மூச்செடுக்க மேலே வர முடியாமல் போயிருக்கும் என்பதே பார்த்தவர்களின் கணிப்பு. கரையோர ஓங்கில்கள் உலகெங்கும் அதிகம் சாவது செவுள் வலையில்தான். ஜனவரியில் பார்த்த குட்டிதானா இது என்று சொல்ல வழியில்லை. சத்தத்தால் வழக்கமான இடத்தை விட்டு வலை அடர்ந்த பக்கம் போயிருக்குமோ என்று எனக்குள் கேட்டுக்கொண்டேன். அதற்கு ஆதாரம் கிடையாது, அதனால் அறிக்கையில் எழுதவில்லை. நிறுவனம் 'இறப்புக்கும் பணிக்கும் தொடர்பில்லை' என்று எழுதச் சொன்னது. அதற்கும் ஆதாரம் கிடையாது, அதையும் எழுதவில்லை. 'வாலில் வலைத் தடம். காரணம் உறுதியாகவில்லை' என்று எழுதினேன். இரண்டு பக்கமும் வருத்தம்தான். மீனவர்கள் மீது பழி போட அந்தப் படத்தைப் பயன்படுத்தக் கூடாது என்பதில் மட்டும் மேலாளரும் நானும் ஒத்துப்போனோம்.

என்ன ஆயிற்று

நேரத்தை மாற்றியதிலிருந்து ஜனவரி கடைசி வரை அண்ணாச்சியின் நோட்டில் 5 குறி விழுந்தது. முந்தைய வருடத்தைவிடக் குறைவு, முதல் மூன்று வாரத்தைவிட அதிகம். மாற்றத்தால்தான் வந்தன என்று சொல்ல மாட்டேன். மீன் வரத்து, காற்று, பருவம் எல்லாம் வருடத்துக்கு வருடம் மாறும். ஒப்பிட வேலை நடக்காத இன்னொரு கரையில் யாரும் கணக்கு எடுக்கவில்லை.

இன்னொரு சந்தேகமும் உண்டு. காலையில் கடல் படிந்து கிடக்கும், பார்ப்பது சுலபம். மதியம் அலை. அப்படியானால் ஓங்கில்கள் காலையில்தான் வருகின்றன என்பது சரியா, அல்லது காலையில்தான் நம் கண்ணுக்குப் படுகின்றனவா? பிப்ரவரியில் 10 நாள் மதியக் கவனிப்பு வைத்துப் பார்த்தோம், 2 நாளில் தெரிந்தன. ஜனவரியில் வந்த தாயும் குட்டியும் 11 மணிக்குத்தான் வந்தன. ஆகவே 10.30 என்ற எல்லை அவற்றின் பாதுகாப்புக்கு முழு விடையல்ல. நீருக்கடி ஒலிவாங்கி ஒன்று இருந்திருந்தால் இரவும் பகலும் சொடுக்கு ஒலிகளைப் பதிந்து இதற்குப் பதில் சொல்லியிருக்கும்.

ஜனவரி கடைசியில் பாதுகாப்புக்காகக் கடற்கரைச் சுவரை ஒட்டித் தகரத் தடுப்பு வந்தது. நடைப்பயிற்சிக்காரர்கள் வேறு பக்கம் போனார்கள். அண்ணாச்சி சைக்கிளை ரயில் நிலையத்துப் பின்வாசலுக்கு மாற்றிக்கொண்டார். அங்கிருந்து கடல் தெரியாது. எங்களிடம் இருந்த ஒரே தொடர் பதிவு அத்தோடு நின்றது. தடுப்பைக் கட்டும் தாளில் ஒப்புதல் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் உண்டு. தூசியையும் சத்தத்தையும் தடுக்கும் என்று மட்டும் யோசித்தேன்.

மறுபடி செய்தால்

முதலில், வேலைக்கு முன் ஒரு முழுப் பருவம் கரையிலிருந்து பார்ப்பேன். படகு வேண்டாம். காலை இரண்டு மணி நேரம், மதியம் ஒரு மணி நேரம், உட்கார ஒரு ஆள், ஒரு பைனாகுலர், ஒரு படிவம். பார்க்காத நாளையும் பார்த்தும் எதுவும் தெரியாத நாளையும் தனித்தனியாக எழுத வேண்டும். அண்ணாச்சியின் நோட்டுக்கு மதிப்பு வந்ததே குறியில்லாத 110 வரிகளும் அதில் இருந்ததால்தான். வெறும் குறிகளை மட்டும் எழுதி வைத்திருந்தால் அது ஞாபகக் குறிப்பாக இருந்திருக்கும், கணக்காக இருந்திருக்காது.

கோலிவாடாவுக்கு வரைபடம் போடுமுன் போவேன், அவர்களின் மனுவுக்குப் பதிலோடு.

காத்திருப்பு நேரத்துக்கு ஒப்பந்தத்திலேயே ஒரு தலைப்பும் தொகையும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தச் சுமை கிரேன் ஓட்டுநரின் மனசாட்சி மேல் விழுகிறது. அன்று அவர் நல்ல மனிதராக இருந்ததால் நின்றது. வேறொரு நாள், வேறொருவர் என்றால்?

அதே நிறுவனம் 2023 கடைசியில் வடக்கே இன்னொரு சிறு துறைக்கான வேலையை எடுத்தது. நான் கேட்டதில் ஒலிவாங்கி கிடைக்கவில்லை, முழுப் பருவமும் கிடைக்கவில்லை. வேலைக்கு முன் 90 நாள் கரைக் கண்காணிப்பும், காத்திருப்பு நேரத்துக்குத் தனித் தலைப்பும் ஒப்பந்தத்தில் ஏறின. கண்காணிக்க அமர்த்திய இருவரில் ஒருவர் ஜனவரியில் கையைத் தூக்கிய அந்தப் பையன். மற்றவர் அண்ணாச்சியின் அக்கா மகன். படிவத்தின் முதல் வரி இப்படி இருக்கிறது: காலை 6.40 முதல் 8.40 வரை, கடல் அமைதி, தண்ணீர் ஏற்றம், ஓங்கில் காணவில்லை.